ஸ்ரீற்காரின்ர நெத்திச் சீலை

ரோட்டுத் தண்டவாளத்தில ஓடுற அந்தப் பழைய ஸ்ரீற்காரில இருக்கிற நாப்பத்தாறு சீற்றும் நான் தைச்சது. ரெண்டு விண்டர். வோபர்னில என்ர வீட்டில இருந்து ரெண்டு பஸ் மாறி, காரைத் திருத்திற பட்டறைக்குப் போய், தோல் உறை தைச்சுத் தைச்சு விரலெல்லாம் ஓட்டை. வொலன்ரியர் வேலைதான். வேலை செய்த ஆக்களின்ர பேரைப் பித்தளைத் தகட்டில வெட்டிக் காருக்குள்ள அடிப்பினம் எண்டு சொன்னவை. அதில கிளடிஸ் எண்டு கிடக்கவேணும், என்ர ஆசை அவ்வளவுதான்.

தகடு வந்துது. என்ர பேர் இல்லை. "சீற் வேலை: றெமிஜியஸ்" எண்டு கிடக்கு. உவர்தான் அந்தப் பட்டறைக்குப் பொறுப்பு. ஊசியில நூல் கோக்கத் தெரியாது.

"என்ன தம்பி இது?"

"அன்ரி, அது தையல்தானே. பொறுப்பாளின்ர பேர்தான் போடுறது" எண்டு சிரிச்சார்.

வீட்டை வந்து றால் கறி வைச்சன், உப்புக் கூடிப்போச்சு.

அடுத்த கிழமை ஆளே ஒரு கறுப்புச் சீலைச் சுருளைக் கொண்டந்து தந்தார். கார் எங்க போகுதெண்டு அதின்ர நெத்தியில காட்டுற சீலை. இடங்களின்ர பேர் ஒண்டுக்குக் கீழ ஒண்டாக் கிடக்கும். உள்ளுக்குக் கைபிடியைச் சுத்தினா அடுத்த பேர் வரும்.

"முதல் பேருக்குக் கீழ கிழிஞ்சு போச்சு அன்ரி, ஒருக்காத் தைச்சுத் தாங்கோ."

தைச்சன். கிழிசலுக்கு நடுவில ஒரு புதுத் துண்டும் வைச்சுத் தைச்சன். அதுக்குக் கீழ நல்ல தடிப்பா நாலு மடிப்பு. உவர் முதல் பேரை மட்டும் பாத்திட்டு மாட்டினார். தையலை ஆர் பாக்கிறது?

திறப்பு நாள் ரிவிக்காரரும் வந்தவை. நானும் போய் மூண்டாம் சீற்றில இருந்தன். கடைசித் தரிப்பில கார் வளைஞ்சு திரும்ப, எல்லாரும் இறங்கிக் கமராவோட முன்னுக்கு நிண்டம். கோட்டுப் போட்ட றெமிஜியஸ் உள்ள நிண்டு, திரும்பிப் போற இடத்தின்ர பேர் வரக் கைபிடியைச் சுத்தினார்.

சாண் உயர வெள்ளை எழுத்து, இங்கிலிஸில: சீற் எல்லாம் தைச்சது கிளடிஸ், றெமிஜியஸ் இல்லை.

வெளியில சனம் சிரிக்குது. ஏனெண்டு உள்ள நிண்டவருக்குத் தெரியேல்லை. இறங்கி வந்து பாத்தார். திரும்ப ஓடிப்போய் இறுக்கிச் சுத்த, அந்தத் தடிச்ச மடிப்புப் போய் உருளையில கொழுவிச்சுது. பிறகு சீலை முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. குயின் ஸ்ரீற் முழுக்க அப்பிடியேதான் திரும்பி வந்தம்.

வாற வழியில என்ர சீற்றுக்குக் கிட்ட வந்து குனிஞ்சார். "அன்ரி, அதைக் கெதியாக் கழட்டுங்கோ."

"தையல்தானே தம்பி, நீங்களே பிரிச்சு எடுங்கோ."

கத்தரிக்கோல் கேட்டார். என்ர கைப்பைக்குள்ள கிடந்தது. குடுக்கேல்லை.