துருப்பிடிக்காத ஊர்

சொர்ணம் கடலைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அது ஒருநாள் திருமுல்லைவாயிலுக்கு வந்துவிடுமோ என்ற பயம் அந்த வருஷம் அவளை விடாமல் பிடித்துக்கொண்டது.

பயத்தைக் கொண்டுவந்து கம்பத்தில் மாட்டிவிட்டுப் போனவர் ஜெயராமன். பட்டணத்து என்ஜினீயர். ஆவணி மாதம் ஒரு காலை, ஸ்டேஷனுக்குப் பக்கத்து மேட்டு நிலத்தில் அவள் களை பறித்துக்கொண்டிருந்தபோது அவர் ரயிலை விட்டு இறங்கி வந்தார். ஆளை வைத்துக் கம்பம் நட்டு, மழை படாமல் அதன் உச்சியில் சின்னதாக ஓர் ஓலைக்கூரை போட்டு, கூரைக்கடியில் ஓர் இரும்புத் தகட்டைத் தொங்கவிட்டார். தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய தகடு. சொர்ணம் எட்டிப் பார்த்தாள். உள்ளேயிருந்து அவள் முகமே அவளை எட்டிப் பார்த்தது.

"இன்னா சாமி, கண்ணாடியா?"

"இரும்பும்மா. எங்க முதலாளி குடைக் கம்பெனி போடப் போறார். அதுக்குக் கம்பி சீமையிலேருந்து கப்பல்லே வருது. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஷெட் போட்டா ரயில் கூலி மிச்சம். ஆனா உப்புக் காத்து கம்பியைத் தின்னுடும். தள்ளிப் போனா கம்பி பிழைக்கும், கூலி ஏறும். அதனாலே ராயபுரம், பெரம்பூர், அம்பத்தூர், இங்கேன்னு நாலு இடத்துலே தகடு மாட்டியிருக்கேன். கார்த்திகை முடிஞ்சு வந்து பாப்போம். துருப்பிடிக்காத தகட்டிலே எது துறைமுகத்துக்குக் கிட்டே இருக்கோ, அந்த ஊருக்குத்தான் கம்பெனி. யாரும் கையால தொடாம நீ பாத்துக்கணும்."

சொர்ணம் களைக்கொட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

அவள் புருஷன் செங்கல்வராயன் அந்தத் துறைமுகத்தில்தான் மூட்டை தூக்கினான். விடியுமுன் வாசலில் நிற்கிறவனைத்தான் மேஸ்திரி உள்ளே விடுவான். திருமுல்லைவாயிலிலிருந்து முதல் ரயிலைப் பிடித்தாலும் அந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அதனால் ராயபுரத்தில் நாலைந்து பேரோடு ஒரு கொட்டகையில் படுத்துக்கொண்டான். அமாவாசைக்கு அமாவாசை ஊருக்கு வருவான். வந்த அன்று பாதி நாள் தூங்குவான். மீதிப் பாதி நாள் கப்பல் கதை சொல்லுவான். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும், புருஷனோடு சண்டை போட்டுச் சமாதானமாகிற அளவுக்குக்கூட அவளுக்குச் சேர்ந்தாற்போல் நாள் வாய்க்கவில்லை. சண்டையிலேயே ரயில் வந்துவிடும்.

கம்பெனி இந்த மேட்டுக்கு வந்துவிட்டால்? புருஷன் நடந்தே வேலைக்குப் போவான். பொழுது சாய்ந்தால் வீடு.

"சாமி, இங்க துருவும் புடிக்காது, ஒண்ணும் புடிக்காது. எங்க ஊரு காத்து அவ்ளோ சொகமான காத்து. சாயங்காலமானா கெழக்கால இருந்து ஜிலுஜிலுன்னு வரும்."

ஜெயராமனின் முகம் மாறியது. "அதுதாம்மா எனக்கும் சந்தேகம். அது கடல் காத்து" என்று சொல்லிவிட்டு, அடுத்த ரயிலுக்கு நடையைக் கட்டினார்.

அன்று முதல் சொர்ணத்துக்குச் சாயங்காலக் காற்று பிடிக்காமல் போயிற்று. ஊரே வாசலில் உட்கார்ந்து அப்பாடா என்று முந்தானையை விரித்துக் காற்று வாங்கும்போது, அவள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே புழுங்கினாள். உதட்டை நாக்கால் தொட்டுத் தொட்டு உப்புக் கரிக்கிறதா என்று பார்த்தாள். சில நாள் கரித்தது. அது வேர்வையா, கடலா என்று எப்படித் தெரியும்?

பகல் வேளையில் வேப்பமரத்தடியில் கண் அசந்தால் கடல் வந்தது. தண்டவாளத்தின் மேலேயே நடந்து வந்தது. பெரம்பூரில் சற்றுக் களைப்பாறி, வில்லிவாக்கத்தில் ஒரு வாய் தண்ணீர் குடித்து (கடலுக்கு எதற்குத் தண்ணீர் என்று கனவில் யாரும் கேட்கவில்லை), அம்பத்தூர் ஏரியை மடியில் கட்டிக்கொண்டு, நிதானமாக வந்தது. அதன் பின்னால் கப்பல்கள் வாத்துக் கூட்டம் மாதிரி அசைந்து அசைந்து வந்தன. ஒரு கப்பலின் மேல் செங்கல்வராயன் தலையில் மூட்டையோடு நின்றான். "எறங்குய்யா, ஊடு வந்துடுச்சு!" என்று கத்தினாள். அவன் கையை ஆட்டினான். கடல் நிற்கவில்லை. ஆவடிப் பக்கம் போய்விட்டது. விழித்துப் பார்த்தால் வெயிலில் தண்டவாளம் தண்ணீர் மாதிரி நெளிந்துகொண்டிருக்கும். எழுந்து ஓடிப்போய்த் தகட்டைப் பார்ப்பாள். அவள் முகம் பத்திரமாக இருக்கும்.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. வீட்டில் அரிவாள், களைக்கொட்டு, கடப்பாரை எல்லாவற்றையும் கழுவி, மஞ்சள் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்துச் சுவரோரம் சாத்தினாள். கற்பூரம் காட்டும்போது மேட்டிலே தொங்குகிற தகடு நினைவுக்கு வந்தது. அதுவும் இரும்புதானே? நாளைக்கு ஊருக்கே சோறு போடப் போகிற இரும்பு. நல்ல நாளில் அதை மட்டும் மூளியாக விடலாமா? ஆனால் கையால் தொடக் கூடாது என்று சாமி சொல்லியிருக்கிறார். சொர்ணம் யோசித்தாள். ஒரு மாவிலைக் காம்பை ஒடித்து, கிண்ணத்து மஞ்சளில் தோய்த்து, விரல் நுனிகூடப் படாமல் தகட்டின் நடுவில் மூன்று பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தாள். பார்க்க அம்மன் முகம் மாதிரி இருந்தது. மனசு நிறைந்துபோய் வீட்டுக்கு வந்தாள்.

ஐப்பசி முழுக்க அடைமழை. கார்த்திகையில் ஒருநாள் மழை விட்டு வெயில் வந்தபோது, தகட்டில் காய்ந்திருந்த மஞ்சள் உதிர்ந்துவிட்டிருந்தது. அதன் கீழே செக்கச் செவேலென்று துரு.

வந்துவிட்டது கடல்! சொர்ணம் வீட்டுப் பக்கம் ஓடினாள்.

பக்கத்து வீட்டுக் கெங்கம்மாளிடம் அழுதாள். கெங்கம்மாள் எதற்கும் அசராதவள்.

"இதுக்கா ஒப்பாரி வெச்சிகினு கீறே? துளியூண்டு புளியும் சாம்பலும் போட்டுத் தேய். பளிச்சுனு பூடும். எந்த மவராசன் வந்து கேக்கப் போறான்?"

"மெய்யாலுமே கடலு காத்து வந்துகினு இருந்தா? கம்பெனி போட்ட பெறவு கம்பியெல்லாம் துருப்புடிச்சு, மூடிகினு போயிடுவாங்களே அக்கா?"

"போனா போறான். அதுக்குள்ள நீ ரெண்டு புள்ளையைப் பெத்துக்க!"

புளியை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டுதான் சொர்ணம் மேட்டுக்குப் போனாள். கம்பத்தடியில் வெகுநேரம் நின்றாள். கை எழவில்லை. நாளைக்குப் புருஷன் வேலைக்கு வந்து, மறுநாளே கம்பெனிக்காரர்கள் ஷெட்டை மூடிவிட்டுப் போனால், துறைமுகத்து வாசலில் அவன் நின்ற இடத்தில் வேறொருவன் நின்றிருப்பான். இந்த ஊர் வேலையும் போய் அந்த ஊர் வேலையும் போய்விடும். புளியைத் தானே வாயில் போட்டுச் சப்பிக்கொண்டு திரும்பி வந்தாள்.

கூரைக்கு ஓலை அரிய அன்று மாலை அரிவாளை உருவினாள். ஆயுத பூஜைக்கு வைத்துப் படைத்து, கூரையில் செருகி வைத்தது. அறுவடை வராததால் அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. அதன் வயிற்றில், மஞ்சள் வைத்த அதே இடத்தில், அதே வட்டத்தில் துரு. மற்ற இடமெல்லாம் சுத்தம்.

சொர்ணம் அரிவாளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடல் வரவில்லை. வந்தது அவள் பூசிய ஈரம்தான். சிரிப்பு வந்தது. ஆனால் இதை யார் நம்புவார்கள்?

மார்கழிப் பிறப்பில் ஜெயராமன் வந்தார். கூடவே முதலாளி எத்திராஜ முதலியார். சைனா பஜாரில் குடைக்கடை வைத்திருப்பவர். வெயிலே இல்லாத நாளிலும் குடை பிடித்து நடப்பவர். ஜெயராமன் பையிலிருந்து தகடுகளை எடுத்துக் காட்டினார். ராயபுரத்துத் தகடு சல்லடைக்கண்ணாக அரித்திருந்தது. பெரம்பூர்த் தகட்டில் மிளகாய்த்தூள் தூவினாற்போல் துரு.

"அம்பத்தூர்த் தகடு எங்கேய்யா?" என்று கேட்டார் முதலியார்.

"அதை ஒரு புண்ணியவதி தோசைக்கல்லாக்கிட்டா. எண்ணெய் ஊறிப் போச்சு. கணக்கிலே சேத்துக்க முடியாது."

"தோசை எப்படி?"

"நன்னாத்தான் இருந்தது."

முதலியார் சிரித்துக்கொண்டே கம்பத்தை நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு நின்றது. "இங்கேயும் துருவா? அப்போ அரக்கோணத்துக்கே போகவேண்டியதுதான். ரயில்காரனுக்கே சொத்தை எழுதி வெச்சுடலாம், வாய்யா."

அரக்கோணமா? சொர்ணத்துக்கு அது சீமையைவிடத் தூரம். ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

"ஐயா, அது கடலு இல்ல. நான் வெச்ச பொட்டு."

"இன்னாது?" என்றார் முதலியார்.

"ஆயுத பூசைக்கு மஞ்சா வெச்சேன். அந்த ஈரத்துல புடிச்ச துரு."

ஜெயராமனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கையால தொடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"கையால தொடலியே சாமி! மாவிலைக் காம்பாலதான் வெச்சேன்."

என்ஜினீயர் தலையில் அடித்துக்கொண்டார். சொர்ணம் இதற்காகவே இடுப்பில் செருகி வைத்திருந்த அரிவாளை எடுத்து நீட்டினாள். "இதைப் பாருங்க ஐயா. இதுவும் அன்னிக்குப் பூசினதுதான். இது காத்துல தொங்கல, கூரைக்குள்ள இருந்துச்சு. பொட்டு வெச்ச எடத்துல மட்டும் புடிச்சிகினு கீது. அங்கயும் அப்படித்தான். மிச்ச எடத்துல உங்க மொகம் தெரியுதா இல்லியா, பாருங்க."

முதலியார் குடையை மடக்கினார். தகட்டை அவிழ்க்கச் சொல்லி வாங்கி, அரிவாளோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பின்பக்கத்தில் அவருடைய மீசை தெளிவாகத் தெரிந்தது. அடைமழைக் காலத்தைத் தாண்டி வந்த இரும்பில் அவர் வெகுநேரம் மீசையை நீவிக்கொண்டிருந்தார்.

"ஜெயராமா, நிலம் யாருதுன்னு விசாரி. இங்கேயே போடுவோம்" என்றார். பிறகு சொர்ணத்தைப் பார்த்து, "உனக்கு இன்னாம்மா வேணும்? கேளு."

"எங்க ஊட்டுக்காரருக்கு வேலை போட்டுக் கொடுங்க ஐயா. ஆர்பர்லதான் மூட்டை தூக்கிகினு கீறாரு. எந்தக் கப்பலு எங்க நிக்கும், எந்தக் கொட்டகையில சரக்கு எறங்கும், அல்லாம் தெரியும். பாக்கு கடிக்கிற நேரத்துல சரக்கை வெளியே எடுத்துடுவாரு."

புருஷன் பெருமையை அள்ளி வீசிவிட்டாள். அதுதான் வினையாயிற்று.

"அப்படிப்பட்ட ஆளை இங்கே வெச்சுகினு நான் இன்னா பண்றது?" என்றார் முதலியார். "அங்கேதான் எனக்கு ஆள் வேணும். கப்பல் வந்தா நம்ம கம்பியை எடுத்து வேகன்லே ஏத்திக் கொண்டாரட்டும். இன்னிலேருந்து அவன் நம்ம துறைமுகத்து ஆளு."

நல்லது செய்துவிட்ட திருப்தியோடு அவர் போய்விட்டார். சொர்ணம் வெறும் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடலை இங்கே வராமல் தடுத்துவிட்டாள். புருஷனை அது விடவில்லை.

சித்திரையில் ஷெட் எழும்பியது. முதல் வேகன் வந்த அன்று மாலை, செங்கல்வராயன் பித்தான் வைத்த சட்டை போட்டுக்கொண்டு அதன் மேலிருந்து குதித்தான். வேகன் முழுக்கக் கோணிச்சாக்கு சுற்றிய கம்பிச் சுருள்கள்.

"இன்னாமே, புது ஆளைப் பாக்கற மாதிரி பாக்கறே?"

"எப்போ திரும்பணும்?" என்றாள் அவள். மூன்று வருஷமாக முதலில் வருகிற கேள்வி அதுதான்.

"அடுத்த கப்பலு வந்தாத்தான் எனக்கு அங்க வேலை. அதுவரைக்கும் இங்க சுருளைப் பிரிச்சுக் கொடுத்துகினு கெடன்னுட்டாரு மொதலியாரு."

சொர்ணம் அவனை நெருங்கி வந்தாள். "அடுத்த கப்பலு எப்போ வரும்?"

"அது இன்னா நம்ம ஊரு மாட்டு வண்டியா? கடலு சும்மா இருந்தா வெரசா வரும். புயலு கியலு அடிச்சா நாளாவும்."

"அப்போ பொன்னியம்மன்கிட்ட ஒரு புயலு வேணும்னு வேண்டிக்கறேன்."

"அடிப்பாவி! கப்பலு கவுந்தா கம்பெனியை மூடிடுவாங்கோ!"

"கவுக்க வாணாம்யா. பாவம், அது பாட்டுக்கு நடுக்கடல்ல சும்மா நிக்கட்டும். அதுக்கு மட்டும் இன்னா அவசரம்?"

அவன் சிரித்துவிட்டு ஒரு சுருளின் இந்தப் பக்கத்தைத் தோளில் ஏற்றினான். அவள் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். "மெதுவா நடய்யா" என்றாள். அவன் மெதுவாகவே நடந்தான்.