வளைவில் காத்திருந்தவர்

ஊரில் எந்தக் கடைக்காரரும் என் காதில் பூ சுற்ற முடியாது. தராசுகளுக்கு முத்திரை போடும் ஆய்வாளர் வேலை எனக்கு. எடைக்கல்லின் அடியில் ஒரு சின்னக் குழி இருக்கும். அதில் ஈயம் ஊற்றி எடையைச் சரிக்கட்டி, மேலே முத்திரை குத்துவோம். விற்கிறவன் அந்த ஈயத்தைச் சுரண்டி எடுப்பான். சரக்கை வாங்குகிற வியாபாரி இன்னும் கொஞ்சம் சேர்த்து அடைப்பான். இரண்டு வகைத் திருடனையும் கல்லைக் கையில் தூக்கிய உடனே பிடித்துவிடுவேன். மார்க்கெட்டில் என் தலை தெரிந்தாலே, "தராசு மேடம் வருது" என்று கடைக்குக் கடை செய்தி பறக்கும். அப்பேர்ப்பட்டவள் தலையில் வீட்டிலேயே மிளகாய் அரைத்திருக்கிறார்கள். அதுவும் என் உடம்பை அளவெடுத்து, எனக்கென்றே செய்த சைக்கிளை வைத்து.

மகள் கல்யாணமாகிப் போனபோது அவளுடைய பழைய சைக்கிளை வீட்டிலேயே விட்டுப் போனாள். என் வீட்டுக்காரர் பல வருஷமாக ஒரு சைக்கிள் குழுவில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கூட்டமாகக் கிளம்பி, மலைப்பாதையில் ஏறி, அணைக்கட்டு வரை போய்வருவார்கள். காப்பீட்டு அலுவலகத்தில் வாரம் முழுக்க நாற்காலியைத் தேய்க்கிற மனிதருக்கு அந்த ஒரு காலைதான் உயிர். நானும் மகளின் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் ஒட்டிக்கொண்டேன். முதலில் நாக்குத் தள்ளியது. போகப் போகக் கால் பழகியது. பிறகு ஒரு ஞாயிறு, பாதி மலையில் இருக்கும் பெரிய வளைவில், அவரை முந்திவிட்டேன். முந்த வேண்டும் என்று நினைக்கக்கூட இல்லை. கால் தன் பாட்டுக்குப் போனது. மேலே போய், தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு அவருக்காக நின்றேன்.

வந்தவர் வாயெல்லாம் பல்லாக, எல்லோர் முன்னாலும் கைதட்டினார். "இனிமே இவ பின்னாடிதான் என் பொழப்பு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் நீட்டிய தண்ணீரை அவர் வாங்கவில்லை. தாகம் இல்லை போலிருக்கிறது என்று நானே குடித்துவிட்டேன்.

அடுத்த வாரம் அவரே பேச்சை எடுத்தார். "இந்த ஓட்டை வண்டிய வச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு? உனக்கு அளவெடுத்து ஒண்ணு செய்யச் சொல்றேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அளவெடுத்துச் சைக்கிள் செய்பவர் ஊரில் ஒரே ஒருவர்தான். எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். எஃகுக் குழாய்களை வெட்டி, நெருப்பில் பற்றவைத்து, சைக்கிளின் சட்டத்தைத் தனியாளாகச் செய்கிறவர். நீளமான ஒரு அறைதான் பட்டறை. சுவரோரம் குழாய்கள் சாய்ந்து நின்றன. நடுவில், பாதி முடிந்த சட்டம் ஒன்று கிடுக்கியில் மாட்டியிருந்தது. சுட்ட உலோக வாசனை மூக்கை அரித்தது.

மாஸ்டர் என்னைச் சுவரோடு நிற்கவைத்தார். தடியான ஒரு புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்ளச் சொல்லி, தரையிலிருந்து அதன் விளிம்பு வரை அளந்தார். கை நீளம், தோள் அகலம், உள்ளங்கை, எதையும் விடவில்லை. கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பச் சொல்லிப் பார்த்தார்.

"வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கு. கனமா ஏதாவது தூக்குவீங்களாம்மா?"

"எடைக்கல் பெட்டி. இருபது வருஷமா."

"சரி, ஹேண்டில்ல அதைச் சரி பண்ணிடலாம்."

எந்த டெய்லரும் எனக்கு இத்தனை அக்கறையாக அளவெடுத்ததில்லை. என் தோள் இறங்கியிருப்பதை வீட்டில் ஒருவர்கூடச் சொன்னதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்காரர் என் முதுகில் தட்டி, "நீ போய் கார்ல உட்காரு. நான் கலர் பேசிட்டு வரேன்" என்றார். வெகுநேரம் ஆயிற்று. நீலத்தில் எத்தனை நீலமோ என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வண்டி வந்தது. ஏறி உட்கார்ந்ததும் என் உடம்புக்கென்றே பிறந்தது போல இருந்தது. எங்கேயும் வலிக்கவில்லை. தூக்கிப் பார்த்தபோது மட்டும் கனத்தது. "எஃகும்மா. உங்க பேத்தி காலம் வரைக்கும் வரும்" என்றார் மாஸ்டர். சாய்த்தால் குழாய்க்குள் சரசரவென்று ஒரு சத்தம் கேட்டது. மிளகு டப்பாவைக் கவிழ்த்தது மாதிரி. "பத்தவச்ச பொடி உள்ள கிடக்கும். ஒண்ணும் பண்ணாது" என்றார். தூக்கிய கையை வைத்தே கள்ள எடையைப் பிடிக்கிறவள், அன்றைக்கு என் கையை நம்பாமல் அவர் வாயை நம்பினேன். அலுவலகத்தில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு என் பொறுப்பில் இருக்கிறது. அதன்மேல் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த வண்டியை ஏற்றியிருக்கலாம்.

அதற்குப் பிறகு நான் வீட்டுக்காரரை முந்தவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பேன். பெரிய வளைவுக்கு வரும்போது கண் இருட்டிக்கொண்டு வரும். அங்கே அவர் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு நிற்பார். "மெதுவா வா. நான் இருக்கேன்ல" என்பார். ஒரு முகச்சுளிப்பு கிடையாது. குழுவில் இருந்த பெண்கள், "கொடுத்து வச்சவங்கக்கா நீங்க" என்று சொல்லிவிட்டு, தங்கள் புருஷன்மாரை ஒரு பார்வை பார்ப்பார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். இறக்கத்தில் மட்டும் நான்தான் முதல். "இறங்கறதுல உன்னை அடிச்சுக்க ஆளே இல்ல" என்பார். அதையும் நம்பினேன், பெருமையாக.

என் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று டாக்டரிடம் போனேன். இவரும் கூட வந்தார். பரிசோதனையில் எதுவும் தெரியவில்லை. "வயசாகுதுல்ல டாக்டர்" என்று இவர்தான் எடுத்துக்கொடுத்தார். டாக்டரும் தலையாட்டிவிட்டு, இரும்புச் சத்து மாத்திரை எழுதினார். நான் சாப்பிட்டு எழுந்ததும் மாத்திரையும் தண்ணீருமாக இவர் வந்து நிற்பார். நான் விழுங்கும் வரை நகரமாட்டார்.

குழு அந்த வருஷம் கணவாயைத் தாண்டி ஒரு நீண்ட பயணத்துக்குத் திட்டம் போட்டது. சைக்கிள் ஏறிய நாளிலிருந்து என் கனவு அது. எல்லோருக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்று நானே என் பெயரை எடுக்கச் சொன்னேன். "நீ இல்லாம நான் மட்டும் போய் என்ன பண்ணப்போறேன்?" என்று அவரும் விலகிக்கொண்டார். அவர் தோளில் சாய்ந்து அழுதேன். எனக்காக இந்த மனிதர் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார் என்று அழுதேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வாரம் பெடல் கரகரவென்று மாட்டியது. மாஸ்டரிடம் எடுத்துப்போகச் சோம்பல்பட்டு, தெருமுனையில் பஞ்சர் ஒட்டும் கடையில் விட்டேன். கடைக்காரர் பெடல் அச்சைக் கழற்றியதும், உள்ளேயிருந்து பொலபொலவென்று சாம்பல் நிற உருண்டைகள் தட்டில் கொட்டின.

"பேரிங் உடைஞ்சிருச்சுன்னு நெனச்சேன். இது என்ன கண்றாவின்னு தெரியலயே மேடம்."

எனக்குத் தெரிந்தது. ஒரு உருண்டையை எடுத்து நகத்தால் அழுத்தினேன். பள்ளம் விழுந்தது. காகிதத்தில் இழுத்தேன். சாம்பல் கோடு விழுந்தது. ஈயம். மார்க்கெட்டில் எத்தனை பேர் முன்னால் இதைச் செய்திருக்கிறேன். அவர்கள் முகம் எப்படி வெளுத்துப்போகும் என்று பார்த்திருக்கிறேன். அன்றைக்கு என் முகத்தைப் பார்க்க ஆள் இல்லை, அந்தக் கடைக்காரரைத் தவிர. அவர் அவசரமாக ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

வண்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனேன். மாஸ்டர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார்.

"அளவு உங்களோடதும்மா. ஆர்டர் சாரோடது."

"தோள் இறங்கியிருக்குன்னு அவ்வளவு அக்கறையா கேட்டீங்களே!"

"அது நெஜமாத்தான் கேட்டேன். ஹேண்டிலை அதுக்கேத்த மாதிரிதான் வச்சேன். தோள் வலிச்சுச்சா?"

"இல்ல."

"அதான்" என்றார், ஏதோ நியாயம் சொல்லிவிட்டவர் போல. பிறகு குரலை இறக்கினார். "பயிற்சிக்குன்னு சொன்னாரும்மா. வெயிட்டோட மிதிச்சா கால் பலமாகும், கொஞ்ச நாள் கழிச்சு எடுத்துடலாம்னாரு. எடுக்க வரவே இல்ல."

அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பயிற்சிக்காக இருக்கலாம். பிறகு மறந்திருக்கலாம். இல்லை, இந்த ஆளே கதை கட்டலாம். கூட வாழ்ந்த மனிதரைவிட ஒரு பட்டறைக்காரர் பேச்சா பெரிது? மாஸ்டர் குழாய்களின் அடைப்பைச் சூடுபடுத்தித் திறந்து, எல்லா ஈயத்தையும் ஒரு டின்னில் கொட்டிக் கொடுத்தார். அதை அலுவலகத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஆறு மாதக் குழந்தையின் எடை. அந்தக் குழந்தையைச் சுமந்துகொண்டு இரண்டு வருஷம் மலை ஏறியிருக்கிறேன். ஏற முடியாதது என் குற்றம் இல்லை என்று தெரிந்தபோதே, வேகமாக இறங்கியது என் திறமை இல்லை என்றும் தெரிந்தது. அதுவும் ஈயத்தின் வேலைதான்.

வீட்டில் மூச்சு விடவில்லை. மாத்திரையை வாயில் வாங்கி, அவர் போனதும் துப்பினேன். ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன். அவர் முதலில் என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஞாயிறு காலை, ஏற்றம் தொடங்கிய இடத்திலேயே அவரைத் தாண்டினேன். வண்டி அடியில் இருப்பதே தெரியவில்லை. பெரிய வளைவில், அவர் வழக்கமாக நிற்கும் மரத்தடியில் நின்றேன். "என்னாச்சு, எப்படி இவ்வளவு வேகம்?" என்று கேட்கட்டும். கேட்டுவிட்டால் போதும், மாஸ்டர்தான் அயோக்கியன், இவர் இல்லை.

மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சைக்கிளைப் பார்த்தார்.

"காலி பண்ணிட்டியா?"

மாஸ்டர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு வழி திறந்துவிட்டேன். இத்தனை வருஷத்துக்காக.

"பயிற்சிக்குன்னு மாஸ்டர் சொன்னாரு."

"ஆமா ஆமா, பயிற்சிக்குத்தான்!" அவர் முகத்தில் உயிர் வந்தது. "சொல்லணும்னுதான் இருந்தேன். மறந்தே போச்சு பாரேன்."

"அப்ப மாத்திரை எதுக்குங்க?"

அவர் குனிந்து தன் வண்டிச் சங்கிலியைப் பார்த்தார்.

"டாக்டர்கிட்ட வயசாகுதுன்னு சொன்னீங்களே, அது எதுக்கு? நான் உங்க தோள்ல சாஞ்சு அழுதேனே, அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

குழுவில் இரண்டு பேர் எங்களைத் தாண்டிப் போனார்கள். அவர்களைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினார். அவர்கள் மறைந்ததும் சிரிப்பும் போனது.

"அன்னைக்கு நீ என்னைத் தாண்டிப் போனப்ப, ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கல" என்றார். "இவ போயிடுவா, இனிமே நம்மளுக்காக நிக்க மாட்டான்னு தோணுச்சு."

"திரும்பிப் பாக்கலதான். ஆனா மேல நின்னேங்க. பாட்டில் மூடியத் திறந்து கையில வச்சுக்கிட்டு நின்னேன். நீங்கதான் வாங்கல."

அவருக்கு அது ஞாபகமே இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதுதான் என்னை அறுத்தது. நான் நின்றதை மனதில்கூட வாங்காமல், நிற்கமாட்டேன் என்று முடிவுகட்டி, என் காலில் குண்டைக் கட்டியிருக்கிறார்.

"சரி விடும்மா. எல்லாரும் பாக்கறாங்க. மேல போயிட்டு, இறங்கும்போது பேசிக்கிட்டே சேர்ந்து இறங்குவோம்."

"இறங்கறதுல இனிமே நான் மெதுவாத்தான் வருவேன். நீங்க முன்னாடி போயிடுங்க."

ஏறி மிதித்தேன். பின்னால் என்னைக் கூப்பிட்டார், ஒரு தடவை, இன்னொரு தடவை. அடுத்த வளைவில் கால் தானாக ஓய்ந்தது. கை பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்துவிட்டது. பழக்கதோஷம். கீழே அவர் சங்கிலியின் சத்தம் ஏறி வருவது கேட்டது. தண்ணீரை நானே குடித்துவிட்டு, மூடியைத் திருகிவிட்டுப் போனேன்.