நாலாம் லேனில் கோளாறு

பௌலிங் கூடத்துக்கு ஆட வருகிறவர்களின் முகம் மெக்கானிக்குக்குத் தெரியாது. அவருடைய இடம், பந்து உருளும் நீண்ட பாதைகளான லேன்களின் மறுகோடியில், பந்து மோதி வீழ்த்தவேண்டிய ‘பின்’ கட்டைகளைப் பத்துப் பத்தாக அடுக்கி நிறுத்தும் இயந்திரங்களுக்குப் பின்னால். குனிந்து பார்த்தால் அறுபதடிக்கு அப்பால் முழங்கால்கள் தெரியும்; அதற்கு மேல் மனிதர்கள் கிடையாது. ஆனால் உருண்டு வரும் பந்தைப் பார்த்தே, விட்டது யார் என்று சொல்லிவிடுவார். தபால்காரர் பந்து தூங்கி வழிந்துகொண்டு வரும். பல் டாக்டர் பந்தை யாரோ துரத்திக்கொண்டு வருவார்கள். ஒரே ஒரு பந்து மட்டும் வலது ஓரப் பள்ளத்தில் விழப்போகிறது என்று எல்லோரும் கைவிட்ட பிறகு, சட்டென்று உள்ளே வளைந்து பத்துப் பின்களையும் வாரிக்கொண்டு போகும். அந்த வளைவுக்காகவே கூடம் முழுக்க அதை விடுகிறவளை ‘வில்லு’ என்று கூப்பிட்டது. வில்லு வேறு யாருமில்லை, மெக்கானிக்கின் மனைவிதான்.

சூட்சுமம் எல்லாம் மணிக்கட்டில். அவள் கையை உட்பக்கமாக மடக்கி, பந்தைக் கிண்ணத்தில் ஏந்துவது போல ஏந்தி வருவாள். விடும்போது கட்டைவிரல் முதலில் கழன்றுகொள்ளும். மற்ற இரண்டு விரல்களும் கடைசி நொடிவரை ஒட்டியிருந்து பந்தைச் சுண்டிவிடும். அந்தச் சுழற்சிதான் பந்தைக் கடைசியில் வளைத்துக்கொண்டு வரும். அதில் ஒரே ஒரு குறை உண்டு. வலது மூலைப் பின் தனியாக நின்றுவிட்டால், பந்து அதன் அருகில் போய் மரியாதையாக விலகி இடப்பக்கம் திரும்பிவிடும். பன்னிரண்டு வருஷமாக அந்தப் பின் அவளுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

மூன்று வாரமாக வில் வளையவில்லை. பந்து ஓரமாகவே வந்து ஓரமாகவே போனது. அவள் ஒரே வார்த்தையில் காரணம் சொல்லிவிட்டாள்.

“லேன்ல எண்ணெய் சரியில்ல.”

பந்து வழுக்கி ஓட லேனுக்குத் தினமும் எண்ணெய் பூசுகிறவர் யார்? அவளுடைய வீட்டுக்காரர். அந்தக் குற்றச்சாட்டை இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கும் போனில் கூப்பிட்டுச் சொல்கிறவள் யார்? அவருடைய தங்கை. சலவைக்கடை அணிக்கு அவள்தான் கேப்டன். அதே கடையில் இஸ்திரி மேஜையில் நிற்கும் அண்ணிதான் அவளுடைய அணியின் தூண்.

“அண்ணா, மறுபடியும் நாலாம் லேன்ல கோளாறு. என்னதான் பண்றே பின்னாடி உக்காந்துக்கிட்டு?”

கூடத்து முதலாளிக்கு இது போதாதா? “உங்க வீட்டம்மாவே குறை சொல்றாங்க. அதுக்கு மேல எனக்கு யார் வந்து சொல்லணும்?” என்றார். மெக்கானிக்குக்கு முகத்தில் ஈயாடவில்லை. எண்ணெய் பூசும் இயந்திரத்தை மூன்று முறை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டினார். எல்லாப் பாகமும் அவரைக் கேலி செய்வதுபோலச் சரியாகத்தான் இருந்தது.

நாலாவது வாரம் கேப்டன் கறாராகச் சொல்லிவிட்டாள். “சனிக்கிழமை நூத்தி நாப்பத்தஞ்சு புள்ளி எடுங்க அண்ணி. இல்லன்னா உங்க இடத்துல வேற ஆளைப் போட்டுடுவேன். தப்பா நினைக்காதீங்க.”

வெள்ளிக்கிழமை மதியம் அவள் பயிற்சிக்கு வந்தாள். நாலாவது பந்து, திரும்பிப் போகும் பாதையில் சிக்கிக்கொண்டது. மெக்கானிக் அதைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

எண்ணெய் பூசிய தரையில் உருளும் பந்தின்மேல் எண்ணெய் வளையம் வளையமாகப் படியும். நன்றாகச் சுழன்றால், அடுக்கடுக்காகப் போட்ட வளையல் மாதிரி இடைவெளி விட்டுவிட்டுத் தெரியும். அவள் பந்து எப்போதும் அப்படித்தான் இருக்கும். இப்போதோ எல்லா வளையங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரே பட்டையாகக் கிடந்தன. அதே லேனில் சற்றுமுன் ஆடிய பல் டாக்டரின் பந்தில் வளையங்கள் வழக்கம்போலப் பிரிந்தே இருந்ததை அவர் பார்த்திருந்தார். எண்ணெயில் ஒரு கோளாறும் இல்லை. அவள் விரல்கள் பந்தைச் சுண்டவே இல்லை. மணிக்கட்டைப் பின்னால் சாயவிட்டு, எல்லா விரலையும் ஒன்றாக உருவிக்கொள்கிறாள்.

வேண்டுமென்றே செய்கிறாளா? தன் சோம்பலுக்கு என் தலையை உருட்டுகிறாளா? அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாயங்காலம் இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று வீட்டுக்குப் போனார். போகிற வழியெல்லாம் வசனம் தயாராகிக்கொண்டே வந்தது.

அடுக்களையில் அவள் தண்ணீர் பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, இடது கையால் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் வலதுகைக்காரி.

அவர் பாட்டிலை வாங்கித் திறந்து கொடுத்தார். “எத்தனை நாளா வலிக்குது?”

அவள் சப்பைக்கட்டு கட்டப் பார்த்தாள். முடியவில்லை. “ஒரு மாசமா.”

“எங்கிட்ட சொன்னா என்ன?”

“உங்ககிட்ட சொன்னா உங்க தங்கச்சி காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? நாள் முழுக்க அந்த இஸ்திரி ஆவியில நிக்கிறேன். யாராவது சட்டை மடிப்பைப் பார்த்துக் கை தட்டுறாங்களா? வாரத்துல ஒரு நாள், அங்கதான் தட்டுறாங்க. அதையும் விட்டுக்கொடுக்கச் சொல்றீங்களா?” சொல்லும்போதே குரல் உடைந்தது. “எண்ணெய்னு வாயில வந்துடுச்சு. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றதுன்னு தெரியல.”

மேஜை இழுப்பறையைத் திறந்து காட்டினாள். உள்ளே மணிக்கட்டுப் பட்டை ஒன்று, பிரிக்காத உறையோடு கிடந்தது. டாக்டரிடமும் போய்விட்டு வந்திருக்கிறாள். மடக்கக் கூடாது, நேராக வைத்துக்கொண்டால் ஆடலாம் என்று சொல்லியிருக்கிறார்.

“நேரா வச்சா வளையாதே. பட்டையைப் பார்த்தா எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே” என்றாள்.

மெக்கானிக்குக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது. மூன்று வாரம் இயந்திரத்தின் உள்ளே தலையை விட்டுத் தேடியவர், எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவளின் கையை ஒரு நாளும் பார்க்கவில்லை.

“வளையாட்டி போகட்டும். நீ இன்னும் வளையும்னு நினைச்சுக்கிட்டு பழைய இடத்துலயே நிக்கிறே. அதான் பந்து ஓரத்துலயே போகுது. தரையில மூணு பலகை வலப்பக்கம் தள்ளி நில்லு, லேன்ல இருக்கிற பழைய குறியையே பாரு. மணிக்கட்டை நேரா வச்சு, கை குலுக்குற மாதிரி விடு. மீதியைப் பந்து பாத்துக்கும்.”

காலையில் அவர் பட்டையை உறையிலிருந்து பிரித்து, அவளுடைய பையின்மேல் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். போடுவதும் போடாததும் அவள் பாடு.

ஆட்டம் தொடங்கியது. மெக்கானிக் நாலாம் இயந்திரத்துக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்தார். அவள் காலில் போட்டிருந்த பழுப்புச் சப்பாத்துகள் தெரிந்தன, கை தெரியவில்லை. சப்பாத்துகள் வழக்கமான இடத்தில் நின்றன. பிறகு மெதுவாக வலப்பக்கம் நகர்ந்தன. ஒன்று, இரண்டு, மூன்று.

பந்து வந்தது. அவருக்குத் தெரியாத பந்து. பகட்டில்லாமல், தேர்ச்சக்கரம் மாதிரி நிதானமாக உருண்டு, கடைசியில் லேசாகத் தோளைத் திருப்பி உள்ளே நுழைந்தது. எட்டுப் பின்கள் விழுந்தன. அவள் பட்டை போட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது.

ஒன்பது சுற்று முடிந்தபோது பின்பக்கத்துச் சின்னத் திரையில் நூற்று முப்பத்தைந்து என்று இருந்தது. கடைசிச் சுற்றின் முதல் பந்தில் ஒன்பது பின்கள் சாய்ந்தன. நூற்று நாற்பத்துநாலு. ஒன்றே ஒன்று குறைகிறது. நின்றதும் எது? அதே வலது மூலைப் பின்.

‘போச்சு’ என்று நினைத்தார். அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். சப்பாத்துகள் வெகுநேரம் அசையவில்லை. பிறகு இடப்பக்கம் நகர்ந்து நின்று, குறுக்காக அந்த மூலையைப் பார்த்தன.

பந்து லேனைக் குறுக்கே கடந்து வந்தது. எப்போதும் விலகும் இடத்துக்கு வந்தது. விலகவில்லை. மணிக்கட்டு மடக்காத பந்துக்கு விலகிப் போகச் சுழற்சியே இல்லை. நேரே போய், பன்னிரண்டு வருஷக் கணக்கைத் தீர்ப்பதுபோல அந்தப் பின்னின் நெற்றியில் மோதியது. பின் பறந்து வந்து மெக்கானிக்கின் காலடியில் விழுந்தது. அவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோலக் கத்திவிட்டார். இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

போன் அடித்தது.

“என்ன கோளாறு?” என்றார்.

எதிர்ப்பக்கம் மூச்சிரைத்தது. மனைவியின் குரல்.

“நாலாம் லேன்ல ஒரு கோளாறும் இல்லீங்க. மூணு வாரமா இல்ல. என் கைதான். முதலாளியையும் பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டுதான் சொல்றேன்.”

அவர் கையிலிருந்த பின்னை மெல்ல இயந்திரத்தின்மேல் வைத்தார்.

“லைன்லயே இருங்க” என்றாள் அவள். “உங்க தங்கச்சி உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணுமாம். வெக்கப்படுறா, கொஞ்சம் நேரமாகும்.”