இரண்டாவது மெழுகுவர்த்தி

மூன்றாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நவமணி மெழுகுவர்த்திகளை அளந்து பார்த்தாள். நம்பாமல் மறுபடியும் அளந்தாள். இரண்டாவது, முதலாவதைவிடக் குட்டையாக இருந்தது. அப்படி இருக்க வழியே இல்லை.

பீடோர் ஊருக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்துச் சாலையில் இருக்கும் அந்தச் சிறிய லுத்தரன் ஆலயத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பச்சை இலை வளையத்தில் நான்கு மெழுகுவர்த்திகள். முதல் வாரம் ஒன்று எரியும்; அடுத்த வாரம் அதோடு இன்னொன்று; இப்படியே நான்கு வரை. ஆகவே முதலில் ஏற்றியது மிகக் குட்டை, கடைசியில் ஏற்றியது நெட்டை. எதை எப்போது ஏற்றினார்கள் என்று வளையமே சாட்சி சொல்லும். இப்போது சாட்சி நவமணிக்கு எதிராக நின்றது.

“மொத வாரம் எடம் மாத்திக் கொளுத்திட்டே லா!” என்றார் மூப்பர் ஆசீர்வாதம், முன்வரிசையிலிருந்து.

“ஒழுங்காத்தான் ஏத்துனேன் அண்ணே.”

“அடுத்த வருஷம் ஈப்போவுல பேட்டரி மெழுகுவத்தி வாங்கிருவோம். பட்டன அமுக்குனா போதும். ஒனக்கும் வேல மிச்சம்.”

அந்த வேலைதானே நவமணிக்கு வேண்டும்! எட்டு வருடமாக வளையம் கட்டுவதும் திரி நறுக்குவதும் அவள்தான். அடுத்த வாரம் சபைக் கூட்டத்தில் மூப்பர் பேட்டரி என்றால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள்.

சனிக்கிழமை பிற்பகல் தனியாக வந்து இரண்டையும் ஒரு மணி நேரம் எரியவிட்டாள். இரண்டும் அரை விரல்கடை குறைந்தன. ஆக, மெழுகில் கோளாறு இல்லை. குழப்பம்தான் கூடியது.

அப்போது பாட்டு எண் பலகையை மாற்ற ஆசீர்வாதம் வந்தார். “பானாஸ் லா!” என்று வெயிலைத் திட்டியபடி தன் இடத்தில் உட்கார்ந்து, சுவர் ஃபேனை மூன்றில் வைத்தார். சபையின் ஃபேன்தான், ஆனால் பல வருடங்களாக அது அவர் கழுத்துக்கே ஊழியம் செய்கிறது.

அந்தக் காற்றில் இரண்டாவது சுடர் படுத்தது. சாய்ந்த சுடர் ஒரு பக்க விளிம்பை உருக்கும்; விளிம்பு போனால், திரி குடிக்க வேண்டிய மெழுகு எரியாமலே வெளியே வழிந்துவிடும். முதலாவதோ பித்தளைப் பூச்சாடிக்குப் பின்னால் பத்திரமாக நின்றது.

“அண்ணே, எந்திரிக்காதீங்க. இதப் பாருங்க.”

ஆசீர்வாதம் மெழுகைப் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார். “என்னாலயா?”

“நீங்க இல்ல, ஒங்க மூணாம் நம்பரு.”

“அத நிறுத்துனா பிரசங்கத்துல தூங்கிருவேனே.”

“இப்ப மட்டும்?”

அவர் பாட்டு எண் பலகையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

“நிறுத்த வேணாம்ணே. வளையத்த வலது பக்கம் வெச்சிரலாம்.”

“தோட்டத்துச் சபை காலத்துலேருந்து எடது பக்கந்தான்.”

“தோட்டத்துச் சபையில ஃபேன் இருந்துச்சா?”

ஆசீர்வாதம் கழுத்தைச் சொறிந்தார். பிறகு எழுந்து வளையத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

“அப்ப பேட்டரி?”

“யாரு பேசுனா பேட்டரியப் பத்தி? தூக்கு லா.”

வலப்பக்கம், ஞானஸ்நானத் தொட்டி அருகே வைத்து, ஃபேன் மூன்றில் சுற்ற, இன்னொரு மணி நேரம் எரியவிட்டார்கள். இரண்டும் அரை விரல்கடைதான் குறைந்தன. வளையம் வலப்பக்கம், ஃபேன் மூன்றிலேயே இருக்கலாம்.