கரண்டு வண்டியின் பங்கு

மழை விட்டு ஒரு வாரம் ஆகியும் ஆட்டோ ஸ்டாண்டு முக்கில் இருந்த பள்ளம் வற்றவில்லை. சாக்கடையும் மீன் கூடைகளிலிருந்து வடிந்த தண்ணீரும் சேர்ந்து கறுப்பாகக் கிடந்தது. துறைமுகத்துக்குப் போகிற உப்பு லாரிகள் அதில் இறங்கி ஏறி இன்னும் அகலமாக்கின. பக்கத்தில் நிற்க முடியாத நாற்றம். அங்கே ஆட்டோ ஓட்டுகிற விஜிலாவுக்கு அதுகூடப் பழகிவிட்டது. ஸ்டாண்டு செயலாளர் ஆன்டனியின் பேச்சுதான் பழகவில்லை.

ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஆட்டோக்காரர்கள் ஆளுக்கு ரெண்டு மூடை ரப்பீஸ் கொண்டுவந்து பள்ளத்தில் தட்டுவார்கள். எங்காவது வீடு இடித்த கல்லும் காரையும்தான். இந்த வருஷம் ஆன்டனி சட்டத்தையே மாற்றிவிட்டார்.

"ஏளா விஜிலா, நாங்க பெட்ரோல் போடுத ஒவ்வொரு லிட்டருக்கும் வரி கெட்டுதோம். நீ வீட்டுல பிளக்க மாட்டிட்டு ஓசியில ரோட்டத் தேய்க்க. இனிமே பள்ளம் மூடுதது கரண்டு வண்டிக்காரங்க பொறுப்பு."

ஸ்டாண்டில் பேட்டரியில் ஓடுகிற ஒரே கரண்டு ஆட்டோ அவளுடையது.

"பங்கு போட மாட்டேன்னு நான் சொல்லலையே அண்ணாச்சி. ரோட்டு வரி எனக்குக் கெடையாது, நெசந்தான். ரெண்டு மூடைக்கு நாலு மூடையாப் போடுதேன். அதுக்காக முழுப் பள்ளத்தையும் நானா மூடணும்? உப்பு லாரி தோண்டுனத?"

"லாரிக்காரன் டீசலுக்கு வரி கெட்டுதாம்லா? மூடலன்னா நாளையிலேர்ந்து வரிசையில வண்டியப் போடாத."

விஜிலா மற்ற டிரைவர்களைப் பார்த்தாள். ஒருவன் பல்லைக் குத்தினான், ஒருவன் செல்லை நோண்டினான். அவள் வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் மட்டும்தான், வரிசை போனால் சோறு போச்சு என்பது அத்தனை பேருக்கும் தெரியும். சே, இவர்களோடா இத்தனை நாள் டீ குடித்தோம் என்றிருந்தது அவளுக்கு.

ரப்பீஸ் கிடைக்கிற இடத்தையும் ஆன்டனியே சொன்னார். பெரிய முதலாளி வன்னியபெருமாள் வீட்டில் பழைய கக்கூஸை இடிக்கிறார்கள், எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளலாம்.

போனாள். உடைந்த கக்கூஸ் கோப்பை, மஞ்சள் கறை போகாத சில்லுகள், முடி ஒட்டிய ஓடுகள், நாறுகிற குழாய். எல்லாவற்றையும் மூடையில் அள்ளி, வண்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கால் வைக்கிற இடத்தில் அடுக்கினாள். ரெண்டு நடை அடித்தும் பள்ளம் அப்படியே வாயைப் பிளந்து கிடந்தது. மூன்றாவது நடைக்கு மூடைகளை ஏற்றிவிட்ட வாட்ச்மேன் முத்துச்செல்வம்தான் உளறினான்.

"இத அள்ளிட்டுப் போக டிராக்டர்காரன் கூலி ரொம்பக் கேட்டான்க்கா. ஆன்டனிதான் மொதலாளிட்ட, எங்க ஸ்டாண்டுல ஒரு கரண்டு வண்டி கெடக்கு, கூலியில்லாம அள்ள வச்சிருதேன்னு சொன்னாரு."

விஜிலா கையிலிருந்த சில்லோடு நின்றுவிட்டாள். அந்நேரம் வன்னியபெருமாளே வெளியே வந்தார். பள்ளத்தைத் தோண்டிய உப்பு லாரிகளுக்குச் சொந்தக்காரர் அவர்தான். போர்ட்டிகோவில் புதுக் கார் ஒன்று சார்ஜில் நின்றது.

"நானும் கரண்டு காருதாம்மா வச்சிருக்கேன். நாமளும் ரோட்டுக்கு ஏதாவது செய்யணும்லா? அதாம் எம் பங்குக்கு ரப்பீஸ் குடுத்துட்டேன்" என்று சிரித்தார்.

கையிலிருந்த கக்கூஸ் சில்லைவிட அந்தச் சிரிப்பு அவளுக்கு அருவருப்பாக இருந்தது. துப்ப எச்சில் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"ஒங்களுக்குப் பெரிய மனசு அண்ணாச்சி."

வண்டியைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினாள். மூடைகளை ஒவ்வொன்றாக இறக்கி, கேட்டை மறித்து வரிசையாகக் கவிழ்த்தாள். முத்துச்செல்வம் பதறினான்.

"ஒங்க மொதலாளி பங்கு, அவரு வீட்டு ரோட்டுலயே கெடக்கட்டும்னு சொல்லு."

அவள் ஸ்டாண்டுக்குத் திரும்புவதற்குள் ஆன்டனிக்குப் போன் வந்துவிட்டது. "ஒனக்கு இனி வரிசையே கெடையாதுளா!" என்று கத்தினார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "ஏலே, அண்ணாச்சி கார வெளிய எடுக்க முடியாம நிக்காரு, வண்டிய எடுங்கலே" என்றார். பல் குத்தியவனும் செல் நோண்டியவனும் விழுந்தடித்து ஓடினார்கள். ஒரு வாரமாகப் பள்ளத்தைத் திரும்பிப் பார்க்காத கூட்டம், கேட்டு அடைத்துக்கொண்டது என்றதும் என்ன வேகமாகப் போனது!

திருச்செந்தூர் பஸ் வந்து நின்றபோது ஸ்டாண்டில் அவள் வண்டி மட்டும்தான் இருந்தது. வண்டியைக் கழுவி முடித்திருந்தாள். ஆத்தூர் வெற்றிலைக் கட்டோடு இறங்கிய ஒரு அம்மா வந்து ஏறினாள். அவளைக் கொண்டுவிட்டுத் திரும்பினால் அடுத்த பஸ். அன்றைக்குச் சவாரி எல்லாம் அவளுக்குத்தான்.

சாயங்காலம் நாலைந்து பேரை ஏற்றிக்கொண்டு முக்குக்கு வந்தாள். கேட்டில் அள்ளிய ரப்பீஸையும், அதோடு வன்னியபெருமாள் அள்ளச் சொன்ன மிச்சக் குவியலையும் வேறெங்கே கொட்டுவது? பெட்ரோல் ஆட்டோக்கள் பள்ளத்தைச் சுற்றி நின்றன. ஆன்டனி முழங்கால்வரை கறுப்புத் தண்ணீரில் நின்று, பாதிக் கோப்பையைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பள்ளம் கிட்டத்தட்ட மூடியிருந்தது. விஜிலா வண்டியை மெதுவாக்கினாள்.

பின் சீட்டிலிருந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"ஆரும்மா இவங்க? கார்ப்பரேஷன் ஆளுங்களா?"

"இல்லக்கா" என்றாள் விஜிலா. "வரி கெட்டுதவங்க."