அழுவேன்

என் அக்கா மகள் வகுப்பில் ஒரு பிள்ளையின் பென்சில் டப்பாவை மிதித்து உடைத்துவிட்டாள் என்று எனக்குத்தான் போன் வந்தது. அக்கா மூன்று வாரமாக யார் போனையும் எடுப்பதில்லை. பிறந்த ஒன்பதாம் நாள் அவளுடைய குழந்தை ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனது. மாமா அன்றே தொட்டிலைக் கழற்றிப் பரண்மேல் ஏற்றிவிட்டு, "இனிமே இந்த வீட்ல அந்தப் பேச்சே வரக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

நான் பஸ் கண்டக்டர். போட்டிருந்த காக்கிச் சட்டையோடு பள்ளிக்கு ஓடினேன்.

"மன்னிப்புக் கேளுன்னா வாயே திறக்க மாட்டேங்கிறா. கோவத்தை அடக்கக் கத்துக்கணும்" என்றார் டீச்சர். டப்பாவுக்குச் சொந்தக்காரி, தனக்குத் தம்பி பிறந்திருப்பதை வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

அடுத்த ட்ரிப்புக்கு அரை மணி நேரம் இருந்தது. டெப்போவில் நின்ற காலி பஸ்ஸில் அக்கா மகளை உட்கார வைத்தேன். முன் சீட்டை உதைத்துக்கொண்டே இருந்தாள். உதைக்கட்டும் என்று விட்டேன்.

"உள்ள எங்கடி பண்ணுது?"

தொண்டையைத் தொட்டாள். பிறகு வயிற்றை.

"அது கோவமா?"

"மிஸ் அப்படித்தான் சொன்னாங்க."

"மிஸ் வயித்துலயா இருக்கு? நீ சொல்லு."

உதைப்பது நின்றது. "பாப்பா வேணாம்னு அம்மாகிட்ட சொன்னேன் சித்தி. அதான் செத்துப்போச்சு. அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைத் துரத்திடுவாரு."

ஆறு வயசு. மூன்று வாரம் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள்.

"பாப்பாவுக்கு இதயத்துல கோளாறு. டாக்டருங்களாலயே சரிபண்ண முடியல. நீ சொன்னதால எதுவும் நடக்கல. யாரும் உன்னைத் துரத்த மாட்டாங்க. வயித்துல இருக்கறது பயம். தொண்டையில இருக்கறது துக்கம். எனக்கும் அங்கதான் அடைக்குது."

"உனக்குமா?"

"பின்ன?"

"அது வந்தா என்ன பண்றது?"

"யாருகிட்டயாவது சொல்லு. அழு. அடுத்தவங்க டப்பாவை மட்டும் விட்டுடு."

சாயங்காலம் வீட்டில், டீச்சர் டைரியில் எழுதியதைப் படித்துவிட்டு மாமா கேட்டார். "எதுக்கு உடைச்சே?"

"துக்கமா இருந்துச்சு. நம்ம பாப்பா..."

"அந்தப் பேச்சு வேணாம்னு சொன்னேன்ல. அழாதே."

"அழுவேன்" என்றாள். அவர் இடுப்பளவுகூட இல்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பாப்பாவுக்கு ஒரு காது மடங்கி இருந்துச்சு. நான் பார்த்தேன். அதையும் சொல்லுவேன்."

மாமா என் பக்கம் திரும்பினார். "நீதான் ஏத்திவிட்டியா?"

"ஆமா மாமா. இன்னும் ஏத்துவேன். தன்னாலதான் பாப்பா செத்துச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கா. யாருகிட்ட கேப்பா? நீங்கதான் எல்லார் வாயையும் பூட்டிட்டீங்களே."

உள் அறைக் கதவு திறந்தது.

"இடது காது" என்றாள் அக்கா.

தரையில் உட்கார்ந்து மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். இருவரும் விக்கி விக்கி அழுதார்கள்.

"இவங்க அழறதை என்னால பார்க்க முடியல" என்றார் மாமா, சுவரைப் பார்த்தபடி.

"பார்க்காதீங்க. கூட உட்கார்ந்து அழுங்க" என்றாள் அக்கா.

வெகுநேரம் நின்றவர், கடைசியில் உட்கார்ந்தார்.

மறுநாள் வகுப்பில் இவள் தானாகவே எழுந்தாளாம். "டப்பாவை உடைச்சது என் தப்பு. அழறது தப்பில்ல. எங்க பாப்பா செத்துப்போச்சு." டீச்சர் உட்காரச் சொன்னாராம். சொல்லி முடிக்கும்வரை அவள் உட்காரவில்லை.