குரோவ் தெருவில் நின்ற பந்து

லியாந்த்ரோ 1948 ஆகஸ்டில் அடித்த பந்து 1985 வரை தரையில் விழவில்லை. அமெரிக்காவில், பாய்சி நகரத்தின் குரோவ் தெருவில், பெனிட்டாவின் தங்கும் விடுதிக்குப் பின்னாலிருந்த பந்துக்கூடத்தில், சுவரில் பட்டுத் திரும்பிய அது பாதி வழியில், ஆளுயரத்துக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது. பெனிட்டா சனிக்கிழமைதோறும் அதைச் சுற்றி ஒட்டடை அடித்தாள், பந்தைத் தொடாமல்.

ஸ்பெயின் பக்கத்துப் பாஸ்க் நாட்டில் பண்ணைவீட்டைப் பங்கு போடுவதில்லை. ஒரு பிள்ளைக்கு வீடு, மற்றவர்களுக்குக் கடல். அதற்காக அண்ணன் தம்பிகள் முட்டிக்கொள்வது வழக்கம். லியாந்த்ரோவும் அவன் தம்பி சபாஸும் ஆடு மேய்க்க இங்கே வந்தபிறகு தகப்பன் செத்துப்போனதால் சண்டை தலைகீழாக நடந்தது: இருவருக்குமே வீடு வேண்டாம். வெறுங்கையால் பந்தடித்துப் பார்ப்பது, தோற்றவன் ஊருக்குக் கப்பலேறுவது என்று முடிவாயிற்று. இருவரும் சமமாக நிற்க, கடைசிப் புள்ளியில்தான் பந்து நின்றது. ஒருமுறை தரையில் குத்தி எழுந்த பந்தை அடிக்கலாம். இரண்டாம் முறை குத்தினால் தோல்வி. இது ஒருமுறைகூடக் குத்தவில்லை. ஆகவே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

அடிக்க வேண்டியவன் சபாஸ். பந்து எப்போது விழும் என்று தெரியாததால் ஓடிவந்து சேரக்கூடிய தூரத்தைத் தாண்டி அவன் போனதே இல்லை. மலைக்குப் போவதை விட்டு விடுதிச் சமையலறையில் அவரைக்கொட்டை வேகவைத்தான். அவனை விரும்பிய பெண் தேவாலயத்தில்தான் கல்யாணம் என்றாள். தேவாலயமோ மூன்று தெரு தள்ளி. "பாதிரியாரை இங்க வரச் சொல்றேனே" என்று கேட்டுப் பார்த்தான். அவள் ரயில்வேக்காரனைக் கட்டிக்கொண்டாள். அடித்து முடித்த லியாந்த்ரோவுக்கு என்ன கவலை? ஆடுகளோடு மலைக்குப் போய், இலையுதிர் காலத்தில் இறங்கிவந்து, சமையலறை வாசலில் நின்று வருஷா வருஷம் ஒரே கேள்வி கேட்டான்: "என்னடா, இன்னும் விழலையா?"

1985இல் அந்தத் தெருவைப் பார்வையிட பாஸ்க் நாட்டின் பில்பாவோ நகரத்திலிருந்து அரசுப் பிரதிநிதி ஓலாபாரி வந்தார். அவருடைய தொப்பி அவருக்கு முன்பே காரிலிருந்து இறங்கியது போலிருந்தது. ஊரில் சகோதரர்களின் பண்ணையை இதுவரை பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா மகன் நோயில் படுத்துவிட்டான், வீட்டுக்கு யாராவது ஒருவர் வந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டு, வேர்கள் பற்றிப் பேசத் தொடங்கினார். மக்கள் கூடத்தில் நின்றபடி, மணக்கும் ஆட்டுக்கறியின் திசையில் தலையைத் திருப்பிக்கொண்டு கேட்டார்கள். வேர்களிலிருந்து அவர் பந்துக்கு வந்தார். இதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் போற்ற வேண்டும் என்றார். ஏணி கேட்டார். யார் கொடுத்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

சபாஸ் அகப்பையோடு ஓடிவந்தான். "ஐயா, கை வைக்காதீங்க. ஆட்டம் நடக்குது."

"எந்த ஆட்டம்?" என்றார் ஓலாபாரி, மேல்படியிலிருந்து.

எல்லோரும் சுவரோரம் ஒதுங்கினார்கள். லியாந்த்ரோ ஒயின் கோப்பையைக் கீழே வைத்தான். மலையில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவனுக்கு இடுப்பு சரியில்லை. ஓலாபாரியின் விரல் பட்டது. 1948இன் வேகம் அப்படியே பாக்கி இருந்தது. பந்து தொப்பியைத் தட்டிக்கொண்டு போய்த் தரையில் ஒருமுறை குத்தியது. சபாஸ் அகப்பையை எறிந்துவிட்டு அடித்தான். பந்து சுவரில் பட்டு, லியாந்த்ரோ எட்டவே முடியாத மூலையில் இரண்டு முறை குத்தி உருண்டது.

யாரும் கைதட்டவில்லை. லியாந்த்ரோ அசையாமல் நின்றான். கப்பலை ஏற்கனவே பார்த்துவிட்டவன் போலிருந்தது அவன் முகம். சபாஸ் அந்த முகத்தைப் பார்த்தான்.

"செல்லாது. நடுவுல ஆள் தொட்டுட்டாரு" என்றான்.

"நான் ஆள் இல்லை, அரசுப் பிரதிநிதி" என்றார் ஓலாபாரி.

"ஏணியோட நின்னா ஆள்தான்" என்றாள் பெனிட்டா. "மறுபடி ஆடுங்கடா. கறி ஆறுது."

லியாந்த்ரோ நொண்டியபடி பந்தைப் போட்டான். சபாஸ் திருப்பி அடித்தான். சுவரில் பட்டுத் திரும்பிய பந்து பாதி வழியில், இந்த முறை லியாந்த்ரோவைப் பார்த்தபடி நின்றது. சிறிது நேரம் காத்துப் பார்த்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

ஆட்டம் நடக்கிறது என்று ஓலாபாரி ஊரில் போய்ச் சொன்னார். அங்கே அது போதுமான பதிலாகவே இருந்தது. சபாஸ் மறுநாள் தேவாலயத்தைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, ஆடுகளோடு மலைக்குப் போனான். இலையுதிர் காலத்தில் இறங்கிவந்து சமையலறை வாசலில் நின்றான். உள்ளே லியாந்த்ரோ, ஒரு காதைக் கூடத்தின் பக்கம் வைத்தபடி, அவரையைக் கிண்டிக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே, இன்னும் விழலையா?"

"உப்புப் பாரு" என்று அகப்பையை நீட்டினான் லியாந்த்ரோ.